பந்தலும் கொடியும்



எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்மீது கொடி படர்கிறது. கொடி செல்லும் திசையைப் பந்தலே வகுக்கிறது. நம் உடலிலும் அத்தகைய பந்தல் ஒன்று உண்டு.

உயிரணுக்கள் வெறுமனே அடுக்கப்பட்ட செங்கற்கள் அல்ல. அவற்றுக்கு வெளியே, அவையே சுரந்த புரதங்களால் ஆகிய பின்னல் ஒன்று இருக்கிறது. கொலாஜன், லாமினின், ஃபைப்ரோனெக்டின் என்பன அதன் முக்கிய உறுப்புகள். இவற்றுள் கொலாஜன் மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது என்று 1954, 1955 ஆம் ஆண்டுகளில் விளக்கியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். அதே 1954-இல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அன்று தனித்தனியே நின்ற இவ்விரு துறைகளும் இன்று ஒன்றையொன்று நாடுகின்றன. காரணத்தைச் சொல்லுகிறேன்.

இந்தப் பந்தல் தாங்குவதோடு நிற்பதில்லை; செய்தியும் அனுப்புகிறது. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள இன்டெக்ரின் என்னும் புரதங்கள், பற்றுக்கம்பிகளைப்போல் பின்னலைப் பிடித்திருக்கின்றன. 'நிலைத்திரு', 'பெருகு' என்னும் கட்டளைகள் அவற்றின் வழியே உள்ளே செல்கின்றன. பிடி நழுவிய நல்ல அணு பொதுவாகத் தானே மடியும். புற்றணுவோ மடிய மறுக்கிறது.

இரைப்பையில் இக்கேடு பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியால் தொடங்குகிறது. இதனைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கிருமியால் எழும் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது பின்னல் சிதைகிறது. சில இடங்களில் தடித்தும் போகிறது. புற்றணு தோன்றியபின், அது நொதிகளைக்கொண்டு இழைகளை வெட்டி ஆழத்திற்கு இறங்குகிறது. இழைகளுக்குள் அடைபட்டிருந்த வளர்ச்சிப் புரதங்களும் விடுபட்டு அதற்கே துணைபோகின்றன. சிலருக்கு இரைப்பைச் சுவர் முழுவதுமே விறைத்துவிடும்.

அஞ்சவேண்டா. கிருமி உள்ளோரில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. கிருமியை மருந்தால் ஒழிக்கவும் இயலும். ஆனால், 'வெறும் வாயு' என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு மாதங்களைக் கழிக்கும் பெரியவர்களை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். தீராத வயிற்றுவலி, காரணமற்ற மெலிவு, சிறிது உண்டதும் வயிறு நிரம்புதல், கரிய மலம் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலம் தாழ்த்தலாகாது. உள்நோக்குக் கருவியால் இரைப்பையைப் பார்த்துவிடலாம். தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி.

இன்று கற்றதை இன்றிரவே உங்கள் தாத்தா பாட்டியரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் செல்ல அவர்கள் தயங்கினால், நீங்களே கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.