ஒரு தாய் எழுத்தின் பிள்ளைகள்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் நாம், கலசப்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள செங்கம் வட்டாரத்து நடுகற்களை அறிவோம். அவற்றில் காணப்படுவது வட்டெழுத்து. அதே வட்டெழுத்தில் கி.பி. 849ஆம் ஆண்டு, வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவ ஆலயத்திற்குச் செப்பேடு ஒன்றை வழங்கினார். (பள்ளி என்றே அவர்களும் வழங்கினர், நாமும் பள்ளிவாசல் என்கிறோம்.) அதன் இறுதியில் கடல் கடந்து வந்த வணிகர் சாட்சிக் கையொப்பம் இட்டுள்ளனர். மைமூன் பின் இப்ராஹீம் முதலானோர் அரபியின் கூஃபி எழுத்திலும், பாரசீகர் பஹ்லவி எழுத்திலும், யூதர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டனர்.

இம்மூன்று எழுத்துகளுக்கும் தாய் ஒன்றே. அதுவே அரமேயம்.

அரமேயர் ஷாம் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த செமித்திய இனத்தார். நூஹ் நபி (அலை) அவர்களின் மகன் ஸாமின் பெயரால் அமைந்ததே செமித்தியர் என்னும் சொல். நாம் ஸலாம் என்பதை யூதர் ஷாலோம் என்பர். அரமேயர் ஷ்லாமா என்பர். அரமேயருக்கெனப் பேரரசு எதுவும் இருந்ததில்லை. எனினும் அசீரியரும், பின்னர்ப் பாரசீகரும் அவர்கள் மொழியையே அலுவல் மொழியாகக் கொண்டனர். அதனால் அது எகிப்து முதல் சிந்து வரை பரவிற்று. நம் அசோக மன்னரே கந்தஹாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் தம் ஆணையைப் பொறித்தார். 1958இல் அது கண்டெடுக்கப்பட்டது.

நபத்தேயர் என்னும் அரபு மக்கள் எழுதுவதற்கு அரமேயத்தையே கையாண்டனர். பெட்ராவிலும் அல்ஹிஜ்ரிலும் அவர்களுடைய கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. அவ்வெழுத்து காலப்போக்கில் வளைந்து, இணைந்து, நாம் குர்ஆன் ஓதும் அரபு எழுத்தாயிற்று. அரமேயத்தின் கிளையான சுர்யானியைக் கற்குமாறு ஸைத் பின் தாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் எனத் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. பிறர் மொழியைக் கற்பது மார்க்கத்திற்குப் புறம்பு எனக் கருதுவோர் இதனை நினைவிற்கொள்க.

அரபு மொழி பரவியபின் அரமேயம் சுருங்கிற்று. சிரியாவின் மஃலூலா, பக்ஆ, ஜுப்பஅதீன் ஆகிய மூன்று சிற்றூர்களின் மக்களிடம் அதன் மேற்குக் கிளை எஞ்சியது. பின்னிரண்டும் முஸ்லிம் ஊர்கள் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். கேரளத்தில் சுர்யானிக் கிறித்தவர்கள் மலையாளத்தையே சுர்யானி எழுத்தில் எழுதினர். அதற்குக் கர்ஷோனி என்று பெயர்.

நம் முன்னோர் செய்ததும் அஃதே. அரபியில் இல்லாத ட, ப, ண முதலிய ஒலிகளுக்குப் புள்ளிகள் கூட்டி, தமிழை அரபு எழுத்தில் வடித்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இந்த அரபுத்தமிழில் எழுதிய நூல்களைக் கொண்டு, தமிழ் எழுத்தறியாத பெண்மணிகளும் தொழுகையின் சட்டங்களைக் கற்றனர்.

இன்றோ பாட்டிமார் ஓதிய கிதாபைப் பேத்தி விரித்தால் எழுத்தைக் கூட்டி விடுகிறாள். அது தமிழ் என்பது மட்டும் அவளுக்குத் தெரிவதில்லை. பக்கங்கள் கிழிந்துவிட்டனவென்று அவற்றைக் கிணற்றிலும் ஆற்றிலும் சேர்த்து விடுகிறோம். அன்புகூர்ந்து அவ்வாறு செய்யாதீர்கள். அட்டையிழந்து பொடிந்த நூலாயினும் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். படிக்கத் தெரிந்த மூதாட்டியர் நம் ஊரில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் வாசிக்க, மதரஸா மாணவியர் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள, வாரம் ஒரு நாள் ஒதுக்குமாறு கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம்.