எலுமிச்சம்பழமும் அப்பத்தாவோட சிப்பிப் பெட்டியும்

இந்த வாரம் கோடிங், ஏஐ எதுவும் இல்லை. மணப்பாறையில எங்க வீட்டு பீரோவுல இருக்கிற ஒரு சின்ன மரப்பெட்டியைப் பத்திப் பேசப்போறேன். அப்பத்தா தோடு, மூக்குத்தி வைக்கிற பெட்டி. மூடியில பூ மாதிரி சிப்பித் தகடு பதிச்சிருக்கும். சாய்ச்சுப் பார்த்தா இளஞ்சிவப்பு, பச்சை, நீலம்னு மாறிக்கிட்டே இருக்கும்.

போன பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ணப்போ, பித்தளைக் கீல் கறுத்திருக்கேன்னு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு மூடி முழுக்கத் தேய்ச்சு ஊறவிட்டேன். பித்தளை மின்னுச்சு. ஆனா பூவில் பாதி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துடுச்சு. அப்பத்தா கையில வாங்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். அந்த வண்ணம் சாயமே இல்லை. சிப்பி ஓட்டின் உள்பக்கம் அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் தகடுகளால் ஆனது. ஒவ்வொன்றும் சுமார் அரை மைக்ரான் கனம். நடுவில் மெல்லிய புரதம், செங்கல் சுவருக்குச் சாந்து மாதிரி. ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய அதே அளவு. அதனால ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்புற ஒளி ஒண்ணோட ஒண்ணு கலந்து நிறமாத் தெரியுது. மழை ரோட்டில் பெட்ரோல் சிந்தினா வானவில் தெரியுமே, அதே கதைதான்.

சாயம் இல்லாததால வெளுத்துப்போகவும் சாயம் இல்லை. ஃபதேபூர் சிக்ரியில் 1580-களில் எழுந்த சலீம் சிஷ்தி சமாதியின் மர விதானத்தில் இழைச்சிருக்கிறது சிப்பித் துண்டுகள்தான். 16ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் செஞ்ச சிப்பிப் பெட்டிகளும் தட்டுகளும் போர்த்துகீசியர் வழியா ஐரோப்பா போய், இன்னைக்கும் மியூசியங்களில் மின்னுது. ஆனா கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். நானூறு வருஷம் தாங்குற பொருளை நான் பத்து நிமிஷத்துல கெடுத்துட்டேன்.

உங்க வீட்டுல இருந்தா எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் வேண்டாம். லேசான ஈரத்துணி, உடனே காய்ந்த துணி, அவ்வளவுதான். முத்தும் இதே பொருள்தான். சென்ட் அடிச்சு முடிச்ச பிறகு முத்துத் தோடு போடுங்க.

மெருகு போட்டா அடியில இருக்கிற நல்ல அடுக்கு வெளியே வரலாம். ஆனா தகடு ரொம்ப மெலிசு. அப்பத்தாகிட்ட கேட்டேன். "இருக்கட்டும்டா, மீதிப் பாதி மின்னுதுல்ல"ன்னாங்க. தோடு இப்பவும் அதுலதான் இருக்கு.