வித்துராவிலிருந்து அகத்தியர்கூடம்

ஆல்ப்ஸ் மலையடியில் உள்ள பிரெஞ்சு நகரமான கிரனோபிள் தன் பழமையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கிராத்தியனின் பெயரால் 'கிராத்தியானோபொலிஸ்' என வழங்கிய ஊரே மக்கள் நாவில் தேய்ந்து கிரனோபிள் ஆயிற்று. திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கும் வித்துராவுக்கு அப்படிப்பட்ட அரசப் பெயரும் இல்லை, கோட்டை மதிலும் இல்லை. ஆயினும் மலையடி ஊர் ஒன்றின் வரலாறு மதிலுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது மலைமேல் ஏறும் பாதையிலும் இருக்கக்கூடும்.

பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் கல்லாற்றின் உருண்டைக் கற்களையும் நேயர்கள் பலரும் பார்த்திருப்பார்கள் என்பதால், இவ்வுரை அவற்றை விட்டுவிட்டுப் போணக்காட்டுச் சாலையில் திரும்புகிறது. திரும்புமுன் வித்துராச் சந்தியில் ஒரு தட்டு மரச்சீனியும் மீன்கறியும் உண்பது நலம். தமிழகத்தின் பல பகுதிகளில் மரவள்ளி எனப்படும் இக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் சாகுபடியைப் பரப்பியதால், அரிசி எட்டாத குடும்பங்களின் பசியை அது ஆற்றியது.

போணக்காடு என்ற பெயரைக் கேட்பவர் அதை ஏதோ ஒரு காடு என்றே கொள்வர். ஆங்கில ஆவணங்களில் அது 'பான் அக்கார்ட்' என்னும் தேயிலைத் தோட்டம். 'நல்லிணக்கம்' எனப் பொருள்படும் இவ்விரு பிரெஞ்சுச் சொற்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம் தன் இலச்சினையில் பொறித்துக்கொண்ட முழக்கமும் ஆகும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. அத்தோட்டத்துக்கு அப்பால்தான், தமிழ் இலக்கணத்தின் முதல்வர் என மரபு போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய அகத்தியர்கூடம் என்னும் 1,868 மீட்டர் உயரச் சிகரம் எழுகிறது. அதன் கிழக்குச் சரிவின் நீர் தாமிரபரணியாகத் திருநெல்வேலிக்குப் போகிறது. இம்மலைத்தொகுதியின் மேற்குச் சரிவில் பிறக்கும் கரமனையாறோ, 1983இல் கட்டிமுடிக்கப்பட்ட பேப்பாறை அணையில் தேங்கித் திருவனந்தபுரத்தின் தாகம் தீர்க்கிறது.

அந்தச் சிகரத்தில் 1855ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் ஆய்வகம் எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதை அமைத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன். சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக 1852இல் வந்து சேர்ந்த அவர், புவியின் காந்தவிசையை நாள்தோறும் அளந்து வந்தார். நடுவில் தாங்கிய காந்த ஊசி வடநாடுகளில் தலையைக் கீழே சாய்க்கும். திருவனந்தபுரத்திலோ ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். ஊசி சிறிதும் சாயாத இடங்களை இணைக்கும் கோட்டையே காந்த நடுக்கோடு என்பர். அக்கோட்டை ஒட்டிய நாட்டில், கடலோரச் சமவெளியிலும் ஆறாயிரம் அடிக்கு மேலான உச்சியிலும் ஒருசேர அளந்தால், உயரம் காந்தவிசையையும் காற்றழுத்தத்தையும் எவ்வாறு மாற்றுகிறது என்பது விளங்கும் என்று பிரௌன் கருதினார். ஜெனீவா அறிவியலாளர் சொசூர் 1787இல் மோன் பிளான் உச்சிக்குக் கருவிகளோடு ஏறியதும், அடுத்த ஆண்டு ஆல்ப்ஸ் கணவாய் ஒன்றில் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி அளந்ததும் இதே வேட்கையால்தான். ஆனால் சொசூர் ஏறியது பனிமலை. பிரௌன் ஏறியதோ யானைகள் திரியும் மழைக்காடு. அங்கே கட்டடம் எழுப்பி, மென்மையான கருவிகளை ஈரத்திலிருந்து காத்து, ஆட்களைத் தங்கவைத்து அளவெடுத்தது உண்மையிலேயே வியக்கத்தக்க உழைப்பு.

புவியின் காந்தவிசை உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வேளையில் ஏறி இறங்குகிறது என்றும், அதில் நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு சுற்று உண்டு என்றும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு தொடர்புடையது என்றும் அவர் தம் அளவுகளிலிருந்து கண்டறிந்தார். அன்றைய திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் 1857இல் திறந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகத்திலும் அவர் பங்கு பெரிது. அவர் தேடிவந்த காந்த நடுக்கோடே நூறாண்டுக்குப் பின் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவுக்கும் ராக்கெட் ஏவுதளமாகும் வாய்ப்பைத் தந்தது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது.

பிரௌனின் சிகர ஆய்வகம் நிலைக்கவில்லை. நிலைத்தது இம்மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களின் காட்டறிவு. 1987இல் இம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப் பச்சை என்னும் அச்செடியிலிருந்து பாலோட்டுத் தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' மருந்து பிறந்தது. அதைத் தயாரிக்கும் உரிமத்துக்குக் கிடைத்த பத்து லட்சம் ரூபாயிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிச் சமூகத்துக்கு என முடிவாகி, 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. காட்டறிவுக்கு உரியவர்களுக்குப் பங்கு அளித்த முன்னோடி ஏற்பாடுகளுள் ஒன்றாக உலகம் அதைக் குறிப்பிடுகிறது.

அகத்தியர்கூடம் ஏற விரும்பும் நேயர்கள் கேரள வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும். ஏற்றம் போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது, ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களுக்கே பாதை திறந்திருக்கும். செல்வோர் நெகிழிப் பைகளைக் கீழேயே விட்டுச் செல்க.