கொட்டை எழுத்தின் குணமும் கடமையும்



கல்வியைப் பற்றிப் பேசும் இம்மேடையில், அக்கல்வியைச் சுமந்து வரும் அச்செழுத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றோம். ஆங்கில அச்சுலகில் புகழ்பெற்ற ‘கிளாரண்டன்’ என்னும் தடித்த எழுத்தே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

1845ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், ராபர்ட் பெஸ்லி என்பாரின் ஃபேன் தெரு எழுத்து வார்ப்படச் சாலையில் இது பிறந்தது. இதனைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். இதற்கு முன்னரும் கொட்டை எழுத்துகள் இருந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் சுவரொட்டிக்கும் விளம்பரத்திற்குமே உரியவை. கிளாரண்டனோ, சாதாரண எழுத்தின் அருகில், அதே வரியில், இணங்கி நிற்பதற்கென்றே வார்க்கப்பட்டது.

இதன் குணத்தை வடிவத்திலேயே காணலாம். கோடுகளின் முனைகளில் தடித்த பட்டைகள் உண்டு. அவை தண்டோடு முரட்டுத்தனமாக மோதாமல், வளைந்து இணைகின்றன. அடிமரம் வேரோடு விரிந்து நிலத்தில் ஊன்றுவது போன்ற தோற்றம். தடித்த கோட்டிற்கும் மெல்லிய கோட்டிற்கும் வேற்றுமை மிகுதியில்லை. ஆதலின் முரட்டுத் தாளிலும் எழுத்து எளிதில் சிதைவதில்லை.

இதன் பயனை அகராதியில் காண்கின்றோம். 1884ஆம் ஆண்டு முதற்பகுதி வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, தலைச்சொற்களைக் கிளாரண்டன் எழுத்திலேயே அச்சிட்டது. பொருள் மெல்லெழுத்தில் விரிய, தேடும் சொல் மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும். தேடுவோரின் கண்ணுக்கு அது கைவிளக்கு. மூன்றாண்டுக் காலமே இவ்வடிவத்திற்குச் சட்டக் காப்பு இருந்தது; பின்னர்ப் பிற வார்ப்படச் சாலைகளும் இதனைப் பின்பற்றின. தடித்த எழுத்து எதனையும் ‘கிளாரண்டன்’ என்றே ஆங்கில அச்சுக்கோப்போர் அழைக்கும் அளவிற்கு இப்பெயர் பரவியது. 1953இல் ஹெர்மன் ஐடன்பென்ஸ் என்பார் சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்படச் சாலைக்காக இதனைப் புதுக்கி வரைந்தார்.

தடித்த எழுத்திற்கு வலிமை உண்டு. ஆனால் நீதியுணர்வு அதனைக் கையாளும் மனிதனிடமே உண்டு. அமெரிக்காவில் அடிமைகளை ஏலமிடும் அறிவிப்புகளைக் கொட்டை எழுத்துகளே சுமந்தன. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்க 1850இல் அங்குச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தேதியிட்ட சுவரொட்டியொன்று பாஸ்டன் நகரத்துக் கறுப்பின மக்களை எச்சரித்தது: காவலர்களும் ஆள்பிடிப்போராய்ச் செயற்படக்கூடும், அவர்களோடு பேசாதீர், விழிப்பாயிருங்கள் என்பது அதன் கருத்து. அதனையும் கொட்டை எழுத்துகளே சுமந்தன. மனிதரை விற்ற எழுத்தே மனிதரைக் காக்கவும் முன்வந்ததன்றோ!

இளைஞர்களே! எல்லாவற்றையும் தடித்த எழுத்தில் அச்சிட்டால் எதுவும் கண்ணில் படாது. சுற்றியுள்ள மெல்லெழுத்தே கொட்டை எழுத்திற்கு வலிமை தருகின்றது. எனவே எதனைத் தடிப்பாக்குவது என்பது அழகு பற்றிய வினா மட்டுமன்று. எது முதன்மையானது என்னும் வினாவுமாகும். தலைவர்களின் பெயர்கள் கொட்டை எழுத்தில் ஒளிர, உதவித்தொகை விண்ணப்பத்தின் இறுதி நாள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் துண்டறிக்கைகளை நாம் கண்டிருக்கின்றோம். அந்நாளைத் தவறவிடும் மாணவனுக்கு ஓராண்டு இழப்பு. இனி நாம் அச்சிடும் அறிக்கைகளில் அந்த இறுதி நாள் கொட்டை எழுத்தில் நிற்கட்டும்; நம் பெயர்கள் மெல்லெழுத்தில் அமையட்டும்.