எண்தான் அங்கே இணைப்பு மொழி

(நம் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மேடையில் பேசியபடியே கூடியவரை கொடுக்கப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கணிப்பொறி யுகத்தில் உலக மொழிகள்' என்பது. தலைப்பு பெரிது, நேரம் சிறிது. ஆகவே அதில் ஒரு மூலையை மட்டும் பேசுகிறேன். விக்கித்தரவு என்று ஒரு பொதுக் களஞ்சியம் இருக்கிறது. அதில் உலகத்து மொழிகளுக்கெல்லாம் இடம் உண்டா, உண்டென்றால் அந்த இடம் எப்படிக் கிடைக்கிறது, அதில் நமக்கு என்ன வேலை என்பதுதான் என் பேச்சு.

விக்கிப்பீடியாவை இங்கே பிள்ளைகளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிராஜக்ட் கொடுத்தால் அங்கேதான் ஓடுகிறார்கள். அது 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. அதே குடும்பத்தில் 2012 அக்டோபர் 29ஆம் நாள் பெர்லின் நகரத்துக்காரர்கள் முயற்சியால் பிறந்த இளைய பிள்ளைதான் விக்கித்தரவு. அதில் கட்டுரை கிடையாது. பெயர், ஊர், ஆள், ஆறு, நோய், மரம், நூல் என்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்குத் தனித்தனிப் பக்கம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். எடுத்துப் பயன்படுத்த யாரும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். நம் ஊருக்கு அங்கே பெயர் மும்பை அல்ல, பம்பாயும் அல்ல. அதன் பெயர் கியூ 1156. பூமிக்கு கியூ 2. மனிதனுக்கு கியூ 5. தமிழ் மொழிக்கு கியூ 5885. அந்த எண்ணின் கீழே தமிழ்க்காரன் தன் எழுத்தில் 'மும்பை' என்று எழுதிக்கொள்கிறான், மராத்திக்காரர் தம் எழுத்தில், அரபுக்காரர் தம் எழுத்தில். நகரத்தின் மக்கள்தொகையை ஒருவர் ஒரே ஒரு முறை பதிந்தால் போதும், அத்தனை மொழிக்காரரும் தத்தம் மொழியில் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். குழாய் மட்டும் வீட்டுக்கு வீடு. (இந்த உதாரணம் நம் பகுதியில் எடுபடாது என்று யாரோ பின்னால் சிரிக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருவது வேறு கூட்டத்துக்கான பொருள்.)

இந்த நாட்டில் இணைப்பு மொழி எது என்று எத்தனை காலமாகச் சண்டை! 1938இல் சிறை, 1965இல் துப்பாக்கிச் சூடு. ஒரு மொழியை இணைப்பு மொழி என்று சொன்ன மாத்திரத்தில் அதைத் தாய்மொழியாகக் கொண்டவன் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறான், மற்றவன் நின்றுகொண்டே படிக்கிறான். இதைத்தான் நம் பெரியவர்கள் எதிர்த்தார்கள். இந்தக் களஞ்சியத்தை அமைத்தவர்கள் யாருக்கும் தாய்மொழியல்லாத ஒன்றை இணைப்பாக வைத்துவிட்டார்கள். எண்தான் அங்கே இணைப்பு மொழி. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் காகிதத்தில் சமத்துவம் எழுதிவிட்டால் நடப்பில் சமத்துவம் வந்துவிடுமா? நமக்குத் தெரியாததா! ஒரு பொருளுக்கு உங்கள் மொழியில் யாரும் பெயர் எழுதாவிட்டால் கடைசியில் ஆங்கிலப் பெயர்தான் வந்து நிற்கும். எதைச் சேர்ப்பது, எப்படிச் சேர்ப்பது என்ற விவாதமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முன்வாசலை எண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஆங்கிலம் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்துக் கோடிக்கு மேற்பட்ட அந்தப் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ்ப் பெயர் இன்னும் எழுதப்படவில்லை. இது தமிழின் நிலை என்றால், குறியீடே இல்லாத மொழிகளின் நிலை என்ன?

குறியீடு என்றேன். விளக்குகிறேன். கணிப்பொறிக்கு மொழியின் பெயர் தெரியாது, சுருக்கெழுத்துத்தான் தெரியும். 2007இல் வந்த அனைத்துலகத் தரம் ஒன்று உலகத்து மொழிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு மும்மூன்று எழுத்துக் கொடுத்திருக்கிறது. தமிழுக்கு டி-ஏ-எம். நீலகிரித் தோடர் மொழிக்கு டி-சி-எக்ஸ், படுகுக்கு பி-எஃப்-கியூ, இருளர் மொழிக்கு ஐ-ஆர்-யூ, மதுரைச் சௌராட்டிர மொழிக்கு எஸ்-ஏ-இசட். பேசாதவர்களின் சைகை மொழிகளுக்குக்கூடத் தனித்தனிக் குறியீடு உண்டு. இந்தப் பட்டியலைப் பராமரிப்பது அமெரிக்காவிலுள்ள எஸ்.ஐ.எல். என்ற, கிறித்தவ ஊழிய வழிவந்த நிறுவனம். ஒரு பேச்சு தனி மொழியா, வேறொன்றின் கிளையா என்று விண்ணப்பங்களை ஆண்டுக்கொரு முறை பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மலைச்சாதியாரின் பேச்சுக்குப் பிறப்புச் சான்றிதழ் கடல் கடந்து வரவேண்டியிருக்கிறது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அது கிடைத்தாலும் போதாது. களஞ்சியத்தின் நிரலில் அந்தக் குறியீட்டைச் சேர்க்கும்படி ஒருவர் கேட்க வேண்டும், அதற்கான குழு இசைய வேண்டும். ஆள் இல்லாத மொழிக்கு யார் போய்க் கேட்பது?

நம் அரசாங்கக் கணக்கு இதைவிட மேலா என்றால், இல்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கில் 1,652 தாய்மொழிகளைப் பட்டியல் போட்டார்கள். 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளைத் தனியே காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். 2011 கணக்கில் மிஞ்சியவை 121. தோடர்கள் இரண்டாயிரத்தை ஒட்டிய மக்கள்தான். அவர்கள் மொழி 'பிற' என்ற சாக்கு மூட்டைக்குள் போய்விட்டது. நம் பக்கத்து சாலில் இருக்கும் போஜ்புரிக்காரர்களைப் பாருங்கள். 2011இல் ஐந்து கோடிப் பேர் தங்கள் மொழி போஜ்புரி என்று சொன்னார்கள். அந்த ஐந்து கோடியையும் இந்தியின் கணக்கில் கூட்டிக்கொண்டார்கள். களஞ்சியத்திலோ போஜ்புரிக்குத் தனிக் குறியீடு, தனி வரிசை. போஜ்புரியில் ஒரு விக்கிப்பீடியாவும் உண்டு. பத்தாயிரம் பேர் வேண்டும் என்ற நிபந்தனை அங்கே கிடையாது. இரண்டாயிரம் பேருக்கும் அதே நீள வரிசைதான்.

இந்த ஊரில் ஹோட்டல் தொழிலில் இருக்கும் துளுக்காரர்களை உங்களுக்குத் தெரியும். நம் மொழிக்கு ஒன்றுவிட்ட சகோதரி துளு. 2011 கணக்கில் பேசுவோர் 18 லட்சத்துக்கும் மேல். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இன்னும் இடம் இல்லை. அவர்கள் 2008இல் விக்கிப்பீடியாவின் முளைப்பாத்தியில் துளுவை ஊன்றினார்கள். கட்டுரை சேர்த்து, ஆள் சேர்த்து, 2016இல்தான் தனி விக்கிப்பீடியாவாக வெளியே வந்தது. எட்டு வருஷம்! அவர்களின் பழைய எழுத்து யூனிகோடில் சேர்ந்தது 2024இல். சந்தாலிக்காரர்களுக்கும் இதே கதைதான். ரகுநாத் முர்மு 1925இல் அவர்களுக்கென்று ஒல் சிக்கி எழுத்தை உருவாக்கினார். அது 2008இல் யூனிகோடில் ஏறியது. 2018இல் சந்தாலி விக்கிப்பீடியா வந்தது. யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை.

இப்போது எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 2018 மே மாதம் முதல் களஞ்சியத்தில் பொருள்களோடு சொற்களையும் சேர்க்கத் தொடங்கினார்கள். 'வா' என்று ஒரு சொல், அதன் கீழே வந்தான், வருகிறான், வருவான் என்று அதன் வடிவங்கள், அதன் பொருள்கள், மற்ற மொழிகளில் அதன் உறவுகள். இங்கே ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்பதைச் சுருக்கெழுத்தால் அல்ல, களஞ்சியத்தின் எண்ணாலேயே சொல்லலாம். குறியீடு கிடைக்காத மொழியாக இருந்தால் எழுத்து வடிவத்துக்கு 'மிஸ்' என்ற பொதுக்குறியைப் போட்டு, பக்கத்தில் அந்த மொழியின் எண்ணை ஒட்டிவிடலாம். உள்ளே நாற்காலி போடும்வரை திண்ணையில் உட்காரச் சொல்வதுபோல. திண்ணை நிரந்தரமாகிவிடக் கூடாது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனாலும் மழையில் நிற்பதைவிடத் திண்ணை மேல்.

சொற்கள் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் என்ன தெரியும்? நாம் 'கண்' என்கிறோம். துளுக்காரர் 'கண்ணு' என்கிறார். எங்கோ பலுசிஸ்தானத்தில் பிராகுயி பேசுகிறவர், முதல் எழுத்தைத் தொண்டையில் உரசி, 'கன்' என்கிறார். பர்ரோவும் எமனோவும் 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதி போட்டு இந்த உறவை அச்சில் காட்டினார்கள். அது அறிஞர்கள் வீட்டு அலமாரியில் இருந்த செல்வம். அதையே உழைக்கிறவன் செல்போனில் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்பவர் யார்?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், மொழி தெரியாதவனும் எழுதலாம். ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸ் என்று ஒரு மொழி. அதன் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் அந்த மொழி தெரியாத ஓர் அமெரிக்கப் பையன் என்று 2020இல் தெரியவந்தது. கெட்ட எண்ணம் இல்லை, ஆர்வம்தான். ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் திருகி எழுதியிருக்கிறான். பல வருஷம் யாரும் கவனிக்கவில்லை. ஏன்? அந்த மொழி பேசுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பிலிப்பைன்சின் செபுவானோ விக்கிப்பீடியாவில் அறுபது லட்சம் கட்டுரை இருக்கிறது என்றால் வாயைப் பிளப்பீர்கள். அதில் மிகப் பெரும்பாலானவை ஸ்வீடன்காரர் ஒருவர் செய்த நிரல் எழுதித் தள்ளியவை. எண்ணிக்கை வேறு, மொழி வேறு.

நமக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். ரேஷன், வாடகை, பிள்ளை ஃபீஸ், இதற்கே நேரம் போதவில்லை. நியாயம்தான். ஆனால் இன்று கேள்வி கேட்டால் பதில் சொல்லும் எந்திரங்கள் வந்துவிட்டன. அவை எங்கே படித்தன? இம்மாதிரிப் பொதுக் களஞ்சியங்களிலும்தான். அங்கே இல்லாத மொழியில் அவை தடுமாறும்; தவறாக இருந்தால் தவறையே திருப்பிச் சொல்லும். நாளைக்கு நம் ஆச்சி ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ எந்திரத்திடம் தன் தமிழில் பேசினால் அது விளங்கிக்கொள்ளுமா என்பது இன்று யார் எதை எழுதிவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தனியார் செய்வார்கள் என்று விட்டுவிட முடியாது. ஃப்ரீபேஸ் என்று இதேபோன்ற களஞ்சியம் ஒன்று இருந்தது. 2010இல் கூகுள் அதை விலைக்கு வாங்கியது, 2016இல் மூடியது. அதில் மாய்ந்து மாய்ந்து எழுதிய பொதுமக்களைக் கேட்டா மூடினார்கள்?

நம்மிடம் இருக்கும் சரக்கைச் சொல்லுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அதில் 'கோலி' என்றால் பையன்கள் உருட்டி விளையாடுவது. நம் பிள்ளைகளுக்குக் கோலி என்றால் பத்துக்குப் பத்து அறை. எட்டுப் பேர் படுத்து எழும் வீடு. "நல்லில் தண்ணி வந்துட்டு" என்று நெல்லைப் பேச்சில் இந்திக் குழாயை மாட்டிப் பேசுகிறோம். இது கொச்சை என்று ஊரிலிருந்து வரும் உறவினர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். நாலு தலைமுறை பேசிய பேச்சுக்கு ஒரு வரிசை வேண்டாமா?

அதைவிட அவசரம் ஒன்று. தாராவியில் தோல் பதனிடும் வேலை பெரும்பாலும் போய்விட்டது. தைக்கிற வேலைதான் மிச்சம். சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் போட்டு, மயிர் நீக்கி, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்த கைகள் இங்கே நாலைந்து வரிசைக்குள்தான் இருக்கின்றன. தோலில் எத்தனை வகை, ஒவ்வொரு பக்குவத்துக்கும் என்ன பெயர், கத்திக்கு என்ன பெயர், நாற்றத்தை வைத்தே பதம் சொல்வீர்களே அதற்கு என்ன பெயர்? அந்தச் சொற்களை அறிஞர்கள் தரமாட்டார்கள். எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். லிங்குவா லிப்ரே என்று ஒரு கருவி இருக்கிறது. திரையில் வரும் சொல்லை ஒருவர் காதில் சொன்னால் போதும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். அது தனித்தனியாக வெட்டி, ஒலியாகச் சேமித்துவிடும். மண்டையில் இருப்பதை வாங்கி எழுத நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் தாத்தாவிடம் கேட்டு எழுதுவதற்காகவாவது எழுத்துக் கூட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு பேராசை உண்டு.

அடுத்த ஞாயிறு மாலை நாலு மணிக்கு இதே அறையில் முதல் அமர்வு. தோல் வேலை பார்த்த பெரியவர்களும், இட்லி வியாபாரம் செய்யும் அக்காமார்களும் முதலில். மாவரைப்பது முதல் கூடையைத் தலையில் ஏற்றுவதுவரை உங்களிடம் உள்ள சொற்களும் வேண்டும். பெயர் கொடுக்க வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மன்றத்துக் கணிப்பொறி ஒன்று, மைக் ஒன்று; செல்போன் உள்ள பிள்ளைகள் சார்ஜ் போட்டுக்கொண்டு வரவும். உங்கள் நாக்காவில் துளுவோ போஜ்புரியோ பேசுகிற நண்பர்கள் இருந்தால் கூட்டிவாருங்கள். அவர்கள் வரிசையை அவர்களே எழுத ஒரு மேசை தனியாகப் போடுகிறோம். டீ மன்றத்துச் செலவு.