சமைப்பவரும் கூட வரட்டும்



வயலில் நெல், பட்டியில் பால், வாவியில் மீனும் இறாலும், வேலியில் முருங்கை. இவ்வளவும் உள்ள, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான நம் படுவான்கரையில் ஏன் ஒரு தாய்க்கு இரத்தம் குறைகிறது? ஏன் ஒரு பிள்ளையின் நிறை ஏற மறுக்கிறது? ஏன் அப்பாவுக்குச் சீனி வருத்தமும் அம்மம்மாவுக்குப் பிரஷரும் வருகின்றன? கையில் காசில்லாதது ஒரு காரணம். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் ஏறத்தாழ 63 இலட்சம் பேர் போதிய உணவுக்கு அல்லாடினார்கள். மற்றக் காரணம், யாருக்கு எது, எவ்வளவு என்று சொல்லித்தர ஆளில்லாதது. அதைச் சொல்லித்தருபவர்தான் வைத்தியசாலையின் போசணையாளர்.

அவர் சொல்லித்தருபவற்றில் சில: ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும். பிறகு குழைத்த சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன். ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம். கர்ப்பிணித் தாய் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. தேசிக்காய்ச் சாறோ நெல்லியோ அதற்குத் துணை. சீனி வருத்தக்காரர் சோற்றை விட்டுவிட வேண்டியதில்லை. அளவைக் குறைத்து, மரக்கறியைக் கூட்டினால் போதும். பல் விழுந்த முதியவருக்கு வெறும் கஞ்சி போதாது. முட்டையும் பயறும் தயிரும் வேண்டும்.

ஆனால் அயல்வீட்டாருக்கு நன்மை செய்த கீரை, சிறுநீரகம் பழுதானவருக்குத் தீங்காகலாம். அதனால்தான் கேள்விப்பட்டதை வைத்துப் பத்தியம் பிடிக்கக் கூடாது என்கிறேன்.

யாருக்கு எது என்பது திரிபோஷாவுக்கும் பொருந்தும். 1973 முதல் இந்த நாட்டில் அதைக் கொடுக்கிறார்கள். சோளம், சோயா, பால்மா சேர்ந்த அந்த மாவு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் உரியது. அதை வீடு முழுக்கப் பங்கிட்டால், தேவைப்பட்டவருக்கு மிஞ்சுவது இரண்டு கரண்டிதான்.

போசணையாளரைப் பார்க்கக் களுவாஞ்சிகுடிக்கோ மட்டக்களப்புக்கோ போய்வர ஒரு கூலித்தொழிலாளி அன்றைய உழைப்பை இழக்கிறார். ஆகவே அதிகாரிகளிடம் கேட்கிறேன்: படுவான்கரைக் கிளினிக்குகளுக்குப் போசணையாளர் ஒழுங்காக வந்துபோக வழிசெய்யுங்கள்.

பழுகாமத்து மக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கிளினிக்குக்கு வருத்தக்காரரை மட்டும் அனுப்பாதீர்கள். வீட்டில் சமைப்பவரும் கூடப் போகட்டும். எதைத் தின்னக் கூடாது என்று கேட்டதோடு எழும்பி வராதீர்கள். எதைத் தின்னலாம், எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.