சிறு விண்மீனின் சீற்றம்



கல்முனைக் கரையில் நின்று பிறை காண மேற்கு வானை நோக்குவது நம் வழக்கம். யூன் மாத இரவொன்றில் சற்றுத் தெற்கே திரும்பிப் பாருங்கள். அடிவானுக்குச் சிறிது மேலே பேரொளி மீன் ஒன்று தோன்றும். ரிஜில் கென்டாரஸ் என்பது அதன் பெயர். 'கால்' எனப் பொருள்படும் 'ரிஜ்ல்' என்ற அறபுச் சொல்லே அப்பெயரில் நிற்கிறது. அதன் அருகே, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிவப்புக் குறுமீன் ஒன்றுண்டு. 1915ஆம் ஆண்டில் இன்னெஸ் என்பார் தென்னாபிரிக்காவிலிருந்து அதனைக் கண்டறிந்தார். புரொக்சிமா எனப்படும் அதுவே, ஞாயிற்றுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன். தூரம் 4.2 ஒளியாண்டு.

அதன் திணிவு ஞாயிற்றின் திணிவில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே. ஆயினும் சீற்றத்தில் அது சிறியதன்று. அதன் உட்பகுதி முழுவதும் உலைநீர்போற் கொதித்துப் புரள்கிறது. அப்புரள்வும் சுழற்சியும் சேர்ந்து காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றன. காந்தக் கோடுகள் முறுக்குண்டு அறுந்து மீண்டும் இணையும்போது, திடீர்ச் சுடர்கள் எழுகின்றன.

வெறும் ஒளிப்புள்ளியாய்த் தோன்றும் ஒன்றின் வளிமண்டலத்தை எவ்வாறு அறிவது? ஞாயிற்றிலே காந்தம் மிகுந்த இடங்கள் கல்சியத்தின் ஊதா ஒளியில் பளிச்சிடும். கோடைக்கானல் வானாய்வகம் இவ்வொளியில் எடுத்த நூறாண்டுப் படங்களைச் சேர்த்து வைத்துள்ளது. பின்னாளில் அவ்வாய்வகத்தை நடத்திய வைணு பாப்பு, வில்சன் என்பாருடன் சேர்ந்து, 1957இல் ஓர் உண்மையை வெளியிட்டார். விண்மீன்களின் கல்சிய ஒளிக்கோட்டின் அகலத்துக்கும் அவற்றின் உண்மை ஒளிர்வுக்கும் தொடர்புண்டு என்பதே அது. ஒரு கோடு எத்துணை சொல்லவல்லது என்பதற்கு இது சான்று.

இன்றைய அறிஞர் வளிமண்டலத்தைப் பல அடுக்குகளாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலையும் அடர்த்தியும் கற்பித்து, வெளிவரவேண்டிய ஒளியைக் கணிக்கின்றனர். கணித்ததும் கண்டதும் ஒவ்வாவிடின் அடுக்குகளைத் திருத்துகின்றனர். எனினும், கல்சியத்துக்குப் பொருந்திய மாதிரி ஐதரசனுக்குப் பொருந்தாமற் போவதுண்டு. விண்மீனின் முகம் எங்கும் ஒரே தன்மையதன்று. ஆகவே அமைதியான பரப்புக்கு ஒரு மாதிரியும் கொந்தளிக்கும் பரப்புக்கு வேறொரு மாதிரியுமாகக் கலந்தே கணிக்க வேண்டியிருக்கிறது.

இவ்வுழைப்பு எதற்காக? புரொக்சிமாவைச் சுற்றும் கோள் ஒன்று 2016இல் அறிவிக்கப்பட்டது. 11 நாட்களில் அது ஒருமுறை சுற்றிவிடுகிறது. காற்றுறை இருக்குமாயின், அங்கே நீர் தங்கவும் கூடும். அக்காற்றை அரித்துப் போக்கவல்லது விண்மீனின் கடும் புறஊதாக் கதிர். அக்கதிரின் பெரும்பகுதியை இடைவெளியிலுள்ள ஐதரசன் விழுங்கிவிடுவதால், அதனை முழுமையாக அளக்க இயலாது. மாதிரியே மதிப்பிட்டுத் தரவேண்டும். மாதிரி பிழைத்தால், அக்கோளைப் பற்றிய தீர்ப்பும் பிழைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தை வலை இழுபடும் பாங்கால் உணர்கிறார் நம் மீனவர். வலை சொன்னதை அவர் ஒருமுறைக்கு இருமுறை சோதித்தே நம்புவார். விண்மீனை ஆராய்வோரும் அவ்வாறே செய்கின்றனர்.